கடல் விட்டுச் சென்ற ஊர்கள்

திருச்சிராப்பள்ளிக்கு வருகிறவர்கள் மலைக்கோட்டையில் ஏறாமல் திரும்புவதில்லை. தாயுமானவரையும் உச்சிப் பிள்ளையாரையும் தரிசித்து, காவிரியையும் திருவரங்கத்துக் கோபுரங்களையும் மேலிருந்து கண்டு, "எத்துணைப் பெரிய பாறை!" என்று வியந்து கீழே இறங்குகிறார்கள். வியக்கத் தக்கதுதான். ஆயின், அந்தப் பாறையிலிருந்து வடகிழக்கே ஒரு மணி நேரப் பிரயாணத்தில், காலால் மிதித்தாலே உதிரக்கூடிய பாறைகள் இருக்கின்றன. அவற்றைப் பார்க்க உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் அறிஞர்கள் வந்து போயிருக்கிறார்கள். நம்மவர் பெரும்பாலும் அந்தப் பாதையைக் கடந்து கங்கைகொண்ட சோழபுரத்திற்குப் போய்விடுகிறார்கள். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் அந்த நிலங்களை ஒரு நாள் முழுதும் சுற்றிப் பார்க்கும் வாய்ப்பு, சென்ற தை மாதத்தில் எனக்குக் கிடைத்தது. நேயர்களிடம் இன்று அதைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன்.

நாங்கள் பன்னிரண்டு பேர். அதற்கு மேல் ஒருவரைக்கூடச் சேர்ப்பதில்லை என்பது எங்களை அழைத்துச் சென்ற பெரியவரின் விதி. அவர் கல்லூரியில் நிலவியல் போதித்து ஓய்வு பெற்றவர். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால் பேராசிரியர் என்றே சொல்லுகிறேன். பன்னிரண்டு என்ற கணக்கு எதற்காக என்று வினவினேன். "என் கையில் இருக்கும் கல் சுண்டுவிரல் பருமன். பன்னிரண்டு பேர் என்றால் வட்டமாக நின்று எல்லாரும் அதைப் பார்க்கலாம். பதின்மூன்றாம் ஆள் என் முதுகைத்தான் பார்ப்பான்" என்றார். அறுபது பிள்ளைகளை ஒரே வகுப்பில் வைத்துக்கொண்டு காலந்தள்ளிய எனக்கு அந்தப் பதில் இனித்தது. பள்ளிக்கூடத்து உல்லாசப் பயணங்களில் மூன்று பஸ்கள் நிறையப் பிள்ளைகளை ஏற்றிச் செல்வோம். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்து மகிழ்வார்கள். அதுவும் வேண்டியதே. ஆனால், பார்க்கப் போன பொருளை எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது வேறு கணக்கு.

எங்கள் கூட்டத்தில் இரண்டு பாங்கி அலுவலர்கள், ஓர் ஆசிரியத் தம்பதி, நான்கு கல்லூரி மாணவர்கள், ஒரு மருந்துக் கடைக்காரர், ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு பாட்டி, பாட்டியின் பத்து வயதுப் பேரன், அவர்களோடு நான். வேன் புறப்படுவதற்கு முன்பே பேராசிரியர் இரண்டு கட்டளைகள் இட்டார். சுத்தியல் யாரிடமும் இருக்கக் கூடாது. எந்தக் கல்லையும் எடுத்துப் பார்க்கலாம். பார்த்த பிறகு எடுத்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். இரண்டாவது கட்டளையைப் பற்றித்தான் அன்று பொழுது சாயும் வரையில் எங்களுக்குள் வாதம் நடந்தது.

இடத்தைப் பார்க்குமுன் அதன் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியா ஒரு காலத்தில் அண்டார்ட்டிகா, ஆஸ்திரேலியா முதலிய நிலங்களோடு ஒட்டியிருந்தது. அவை பிரிந்து விலகியபோது நமது கிழக்கு விளிம்பு தாழ்ந்தது. கடல் உள்ளே புகுந்தது. ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, 6½ கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரையில், இன்று பருத்தியும் சோளமும் விளைகின்ற இந்த மண் பெரும்பாலும் கடலடியாகவே இருந்தது. கடல் சில காலம் ஏறும், சில காலம் பின்வாங்கும். ஒவ்வொரு முறையும் சேறும் மணலும் சிப்பியும் படிந்தன. அந்தப் படிவுகள் கிழக்கு நோக்கி மெல்லச் சரிந்து கிடக்கின்றன. ஓர் ஏட்டுச் சுவடிக் கட்டைச் சாய்த்து வைத்து, மேற்பக்கத்தைச் சீவிவிட்டால் எல்லா ஏடுகளின் விளிம்பும் வரிசையாகத் தெரியுமல்லவா? அதுபோல மேற்கே பழைய ஏடும், கிழக்கே போகப் போகப் புதிய ஏடும் தென்படும். ஆகவே, பாடாலூர்ப் பக்கத்தில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி அரியலூரை நோக்கிப் போகிறவன், தன்னை அறியாமலே கோடிக்கணக்கான ஆண்டுகளைக் கடந்து போகிறான்.

இந்த ஏடுகளை முதலில் உலகுக்குக் காட்டியவர்கள் கேய், கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள். 1840-களின் தொடக்கத்தில் இவர்கள் திரட்டி லண்டனுக்கு அனுப்பிய கல்லுருக்களை எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்ற அறிஞர் ஆராய்ந்து 1846-இல் விவரித்தார். பிறகு பிளான்போர்டு என்பவர் இப்பகுதி முழுவதையும் அளந்து, 1862-இல் வெளியான தம் நூலில் ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாக வகுத்தார். அந்தப் பெயர்களே இன்றும் வழங்குகின்றன. ஊட்டத்தூர் நமக்குச் சிவத்தலம். நிலவியல் அறிஞர்களுக்கு அது ஒரு காலத்தின் பெயர். அந்தக் கல்லுருக்களை ஒவ்வொன்றாகப் படம் வரைந்து பெரிய நூல்களாக வெளியிட்டவர் ஸ்டோலிச்கா. மொராவிய தேசத்தில் பிறந்து, 1862-இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து, 1874-இல் யார்க்கந்திலிருந்து திரும்பும் வழியில் லடாக்கில் உயிர் நீத்தவர். கல்கத்தாவில் உட்கார்ந்து நம்மூர் நத்தைகளுக்குப் பெயரிட்ட அவரை, அந்த நத்தைகள் கிடைத்த ஊர்களில் யாருக்கும் தெரியாது.

முதலில் காரை என்ற ஊருக்குச் சென்றோம். ஊரைத் தாண்டிச் சிறிது தூரம் சாதாரணமான கரம்பு நிலம். திடீரென்று நிலம் அறுந்துவிடுகிறது. கண்ணுக்கு எட்டிய வரையில் மேடும் பள்ளமும். ஒவ்வொரு மேட்டையும் நூற்றுக்கணக்கான வாய்க்கால்கள் கீறியிருக்கின்றன. வயதான கையின் புறங்கையைப் பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. சில இடம் சாம்பல், சில இடம் மஞ்சள், சில இடம் துருப்பிடித்த சிவப்பு. மரம் கிடையாது, புல்கூட அரிது. இந்தக் களிமண் மழை பெய்தால் ஊதிப் பருக்கும். வெயிலில் காய்ந்து வெடிக்கும். அடுத்த மழை அந்த வெடிப்பு வழியாகப் புகுந்து அறுத்துக்கொண்டு போகும். வேர் பிடிப்பதற்கு முன்பே மண் நகர்ந்துவிடுகிறது. ஆகையால் செடி வளர்வதில்லை. செடி இல்லாமையால் அறுப்பு நிற்பதில்லை. தை மாதத்தில் போனதன் பயன் இதுதான்: ஐப்பசி, கார்த்திகை மழை கீறிய தடங்கள் அப்போதுதான் வெட்டியவை போலப் புதிதாக இருந்தன.

களிமண்ணின் ஊடே கண்ணாடித் துண்டுகளைப் பதித்தாற்போல் ஏதோ பளபளத்தது. பிள்ளைகள் எவரோ பாட்டில் உடைத்துப் போட்டிருக்கிறார்கள் என்று பாங்கி அலுவலர் ஒருவர் வருந்தினார். மருந்துக் கடைக்காரர் குனிந்து ஒரு வில்லையை நகத்தால் கீறிப் பார்த்து, "ஐயா, இது கற்பூர சிலாசத்து! எங்கள் கடையில் இருக்கிறது" என்றார். ஆம், ஜிப்சம் என்ற அந்தப் பொருள்தான். மண்ணின் வெடிப்புகளில் ஊறிய நீர் தன்னிடம் கரைந்திருந்ததைப் படிகமாக விட்டுச் சென்றிருக்கிறது. சித்த வைத்தியன் அதை மருந்தென்பான். சிமிட்டி ஆலைக்காரன் சிமிட்டி விரைவில் இறுகிவிடாதபடி அதைச் சிறிது சேர்ப்பான்.

பிறகு பேராசிரியர் எங்களை வட்டமாக நிறுத்தி, தரையிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினார். துப்பாக்கி ரவை போன்று ஒரு முனை கூர்மையாக, பழுப்பு நிறமாக இருந்தது. பெலம்நைட்டு என்று பெயர். கணவாய் மீனின் உறவுக்காரப் பிராணி ஒன்று தன் உடம்புக்குள்ளே சுமந்த கெட்டியான பகுதி அது. கவனித்துப் பார்க்கத் தொடங்கியதும், எங்கள் காலடியிலேயே அப்படிப் பல கிடப்பது தெரிந்தது. சற்றுத் தொலைவில் அம்மோனைட்டு என்னும் சுருள் சங்கின் பதிவு ஒன்றும் கிடைத்தது. அதைக் கண்டவுடன் ஸ்ரீரங்கத்துப் பாட்டி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இது எங்கள் பெருமாள் பெட்டியில் இருக்கிறதே!" என்றார். சொன்னது சரியே. கண்டகி நதியிலிருந்து வரும் சாளக்கிராமத்தில் நாம் காணும் சக்கரம், இமயம் எழுவதற்கு முன் அங்கிருந்த கடலில் வாழ்ந்த அம்மோனைட்டின் சுவடு. இதைப் பேராசிரியர் சற்றுத் தயக்கத்துடன்தான் விளக்கினார். பாட்டி புண்படுவாரோ என்று அஞ்சினார் போலும். பாட்டி சிரித்துவிட்டு, "பாற்கடலில் பள்ளிகொண்டவர்தானே? கடலிலிருந்து வராமல் வேறெங்கிருந்து வருவார்?" என்றார். அதற்குமேல் அங்கே யாருக்கும் பேச வேலையில்லை.

வேனுக்குத் திரும்பும்போதுதான் அந்தச் சிறுவனின் கால்சட்டைப் பை கனத்துத் தொங்குவதைக் கண்டோம். பாட்டி கடிந்துகொண்டார். பேராசிரியர் கடிந்துகொள்ளவில்லை. பையன் நீட்டிய பெலம்நைட்டை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "இதை எந்த ஓடையில் எடுத்தாய், தம்பி? மேட்டின் உச்சியிலா, அடியிலா? மண்ணில் புதைந்திருந்ததா, சும்மா கிடந்ததா?" என்று கேட்டார். பையனுக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தான்; எல்லா மேடும் ஒன்றுபோலவே இருந்தன. "பார்த்தாயா? உச்சியில் இருந்தால் ஒரு காலம். அடியில் இருந்தால் அதற்கு முந்திய காலம். நீ எடுத்த கணத்தில் அது தன் வயதை மறந்துவிட்டது" என்றார். பிறகு ஒரு காகிதம் கிழித்து, "காரை, ஓடையில் கிடந்தது, சரியான இடம் தெரியாது" என்று எழுதித் தேதியிட்டு, கல்லை அதில் மடித்துக் கொடுத்தார். "இடந் தெரியாத கல்லை இனி எங்கே வைப்பது? உன் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் வை. இந்தக் காகிதம் இல்லாமல் வைக்காதே" என்று மட்டும் சொன்னார். நான் முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியனாக இருந்தவன். தண்டனையும் பாடமும் ஒருங்கே இவ்வளவு சிறிய காகிதத்தில் அடங்கக் கண்டதில்லை.

அடுத்துக் கருடமங்கலம். அங்கே கிளிஞ்சல்கள் நெருக்கமாகச் செறிந்த சுண்ணாம்புப் பாறை இருக்கிறது. மெருகிட்டால் கரிய தரையில் வெள்ளைக் கோலம் இட்டது போலிருக்கும். 'திருச்சிராப்பள்ளிச் சலவைக்கல்' என்ற பெயரில் வெள்ளைக்காரர் காலத்தில் மேசைப் பலகையும் அலங்காரப் பொருளும் இதில் செய்தார்களாம். அங்கே அதிக நேரம் நிற்கவில்லை; வெயில் ஏறிவிட்டது.

சாத்தனூரில் கல்மரம். வயல்களுக்கு நடுவே, வேலிக்குள், 18 மீட்டர், அதாவது ஏறக்குறைய 60 அடி நீளத்தில் அடிமரம் ஒன்று சாய்ந்து கிடக்கிறது. கிட்டப் போய்த் தொட்டாலன்றி அது கல் என்று நம்ப முடியாது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன் 1940-இல் இதை முதன்முதல் அறிவித்தார். இன்று இது தேசிய நிலவியல் நினைவுச் சின்னம். ஆற்று வெள்ளம் அடித்து வந்து கடலோரச் சேற்றில் புதைத்த மரம். காற்றுப் புகாத சேற்றில் அது உளுக்கவில்லை. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிகா, மரத்தின் நுண்ணிய அறைகளில் ஒவ்வொன்றாகப் புகுந்து, மரம் இருந்த இடத்தில் அதே வடிவில் கல்லை வைத்தது. இதன் வயது 10 கோடி முதல் 12 கோடி ஆண்டு வரை என்று கணக்கிடுகிறார்கள். பூக்கும் மரங்கள் உலகில் பெருகுவதற்கு முன் ஓங்கியிருந்த ஊசியிலை இனத்தைச் சேர்ந்தது. இந்த மரம் பூத்ததே இல்லை என்று கேட்டபோது, ஏனோ அதன்மேல் எனக்குச் சிறிது இரக்கம் உண்டாயிற்று.

அங்கே சாலையோரத்தில் ஒரு தேநீர்க் கடை. கடைக்கார அம்மாளிடம், இங்கே கூட்டம் வருவது உங்களுக்குச் சந்தோஷந்தானே என்று கேட்டேன். "பன்னிரண்டு பேர் வந்தால் பன்னிரண்டு டீ, ஐயா. நூறு பேர் வந்தால் நூறு" என்றாள். பேராசிரியரின் பன்னிரண்டுக்கு எதிர்க் கட்சி இது. இதையும் நாம் கேட்கத்தான் வேண்டும். காரைக் களிமண் மேட்டில் நூறு பேர் ஏறினால் மேடு தாங்காது. அந்த அம்மாளின் அடுப்போ பன்னிரண்டு பேரால் எரியாது. வாரத்திற்கு ஒரு நூறு பேர் எட்டுக் குழுக்களாகப் போனால் இரண்டும் நடக்குமே என்று எனக்குத் தோன்றியது. அதற்கு எட்டு வழிகாட்டிகள் வேண்டும். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே அதைக் கற்பிக்கலாம். கற்பிக்க ஆள் இருக்கும்போதே கற்பிக்க வேண்டும்.

அரியலூரை நெருங்கும்போது சாலை வெளுத்துவிடுகிறது. லாரிகள் எழுப்பும் சுண்ணாம்புத் தூசி வேலியோரத்துச் செடிகளை எல்லாம் மூடியிருந்தது. கல்லங்குறிச்சியில் கலியுக வரதராசப் பெருமாள் கோயில் உண்டு. அங்கே கல் தூண் ஒன்றே மூலவராகப் பூசை கொள்ளுகிறது. அந்த ஊரின் பெயராலேயே அங்குள்ள சுண்ணாம்புப் பாறையையும் குறிப்பிடுகிறார்கள். பழைய சுரங்கப் பள்ளம் ஒன்றின் விளிம்பில் நின்று பார்த்தோம். சுவர் முழுவதும் உள்ளங்கையளவு தடித்த சிப்பிகள், அடுக்கடுக்காக. அந்தச் சிப்பிகளே பொடியாகிச் சிமிட்டியாகின்றன. இந்த வட்டாரத்தில் எழுந்த எத்தனையோ பள்ளிக்கூடங்களின் சுவர்களில் இந்தக் கடல் இருக்கிறது. அவற்றுள் ஒன்றில் நானும் பாடம் நடத்தியிருக்கிறேன். அதனால் ஆலைகளைப் பழிக்க எனக்கு வாய் வரவில்லை. பேராசிரியரும் பழிக்கவில்லை. சுரங்கம் வெட்டியிராவிட்டால் இந்தச் சுவரை எவரும் பார்த்திருக்க முடியாது என்றார். ஆனால், வெடி வைத்த மறுநாள் சுவர் வேறு சுவராகிவிடுகிறது. அந்த ஒரு நாளுக்குள் படித்துக் குறித்துக்கொள்ள ஆள் போகிறாரா என்பதுதான் அவருடைய கவலை.

அப்போது ஒரு கல்லூரி மாணவன் கேட்டான்: "அப்படியானால், ஸார், எடுத்த இடத்தில் வையுங்கள் என்கிறீர்களே, மழையும் லாரியும் கொண்டுபோவதற்கா?" நல்ல கேள்வி. காலையிலிருந்து பொறுத்திருந்து கேட்டான். பேராசிரியர் உடனே விடை சொல்லாமல் கல்லமேட்டுக் கதையைச் சொன்னார்.

அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில் மிகப் பெரிய பிராணி ஒன்றின் எலும்புகள் வெளிப்பட்டன. யாதகிரி, அய்யாசாமி என்ற நிலவியல் அறிஞர்கள் அவற்றை 1987-இல் விவரித்து, புருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். பிருகத் காயம் என்றால் பேருடல். நமது நாட்டுச் சொல்லையே அதற்குச் சூட்டினார்கள். முழங்காலின் கீழ் எலும்பு மட்டும் 2 மீட்டர் நீளம். நிலத்தில் நடந்த உயிர்களிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்றாக அது இருந்திருக்கலாம் என்று பிற்கால ஆராய்ச்சியாளர்கள் எண்ணுகிறார்கள். உறுதி சொல்ல வழியில்லை. ஏனெனில், அந்த எலும்புகள் இன்று இல்லை. ஈரத்தில் ஊறி நொறுங்கும் நிலையில் இருந்த அவை பொடிந்து போய்விட்டன. எஞ்சியவை சில படங்களும் அளவுகளும் மட்டுமே. 2022-இல் அந்தப் படங்களைக் கொண்டு மறுபடி ஒரு கட்டுரை எழுதினார்கள். எழுதியவர்களில் ஒருவர், முதலில் விவரித்த அதே அய்யாசாமி அவர்கள். முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, இல்லாமற்போன எலும்புக்காக வாதாட வேண்டிய நிலை.

வேனுக்குள் சிறிது நேரம் அமைதி. பிறகு வாதம் மூண்டது. மாணவர்கள், "கண்டதை எல்லாம் எடுத்துக் காப்பாற்ற வேண்டும்" என்றார்கள். ஆசிரியத் தம்பதி, "எடுக்க விட்டால் ஐந்தே ஆண்டில் காரை காலியாகிவிடும்" என்றார்கள். நான் இரு பக்கத்தையும் கேட்டேன். என் கருத்தைச் சொல்வதானால், கற்றவன் எடுப்பதும் காணவந்தவன் எடுப்பதும் ஒன்றாகா. கற்றவன் எடுக்கும்போது இடத்தையும் சேர்த்து எடுக்கிறான்: எந்தப் படிவு, எவ்வளவு ஆழம், பக்கத்தில் என்ன என்பதை எழுதிக்கொண்டு எடுக்கிறான். காணவந்தவன் கல்லை மட்டும் எடுக்கிறான். ஆதலால் நமக்கு விதித்த கட்டளை சரியே. ஆனால், நம்மை எடுக்காதே என்று சொல்லும் அரசாங்கம், எடுக்க வேண்டியவர்களை உரிய காலத்தில் அங்கே அனுப்பவும் கடமைப்பட்டிருக்கிறது. எலும்பு மழைக்காலம் முடியட்டும் என்று காத்திராது.

அறியாமையால் வரும் தொல்லை வேறொரு வகை. 2020-இல் குன்னத்தில் ஏரி மண் எடுத்தபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்தன. டைனோசர் முட்டை என்று செய்தி பரவியது, ஊரே திரண்டது. அறிஞர்கள் வந்து பார்த்து, அவை முட்டையல்ல, அம்மோனைட்டுகளும் சேறு இறுகிய உருண்டைகளுமே என்றார்கள். கூட்டம் ஏமாந்து கலைந்தது. முட்டையாக இருந்தால்தான் மதிப்பு என்று நினைத்தோம். பத்துக் கோடி ஆண்டுகள் உடையாமல் வந்த சங்கு நம்மை ஏமாற்றிவிட்டதாம்!

கடைசியாக வாரணவாசியில் உள்ள அருங்காட்சியகத்தைப் பார்த்தோம். பகலெல்லாம் தரையில் கண்டவற்றின் பெயர்களை அங்கே அறிந்துகொள்ளலாம். காலையில் அதைப் பார்த்துவிட்டுப் பிறகு காட்டுக்குப் போவதைக் காட்டிலும், நாங்கள் சென்ற முறையே சிறந்தது என்பது என் அபிப்பிராயம். முகத்தைப் பார்த்த பிறகு பெயரைக் கேட்டால் மறப்பதில்லை. சிறுவன் ஒவ்வொரு பெட்டியிலும் கல்லைவிட அதன் அடியில் எழுதியிருந்ததையே ஊன்றிப் படித்துக்கொண்டு போனான். தன் சட்டைப் பையிலிருந்த காகிதத்தை நடுநடுவே எடுத்து ஒப்பிட்டுக்கொண்டான்.

போக விரும்பும் நேயர்களுக்குச் சில குறிப்புகள். தையும் மாசியும் ஏற்ற மாதங்கள். பங்குனிக்குப் பிறகு காரையில் ஒதுங்க நிழல் இல்லை. சுரங்கங்களுக்குள் அனுமதியின்றி நுழையலாகாது. தண்ணீர், தொப்பி, ஒரு கைக்கண்ணாடி, பென்சில், நோட்டுப் புத்தகம் போதும். வழுக்காத செருப்பு மிகவும் அவசியம். மருந்துக் கடைக்காரர் இரண்டு முறை உட்கார்ந்த நிலையிலேயே மேட்டிலிருந்து இறங்கினார். எங்கள் குழுவினர் அடுத்ததாகத் திருவக்கரைக்குப் போவதாகத் தீர்மானித்திருக்கிறார்கள். விழுப்புரம் மாவட்டத்தில், 1781-இல் பிரெஞ்சு அறிஞர் சோன்னேரா கண்டு எழுதிய கல்மரக் காடு அது. இப்போதே பதினோரு பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். ஸ்ரீரங்கத்துப் பாட்டிதான் முதற்பெயர்.